பெண்களுக்கென்று ஒரு நாழிகை

கருவேங்கை நாட்டில் ஒரு நாள் இரண்டு மத்தியானம் வந்தது. நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அரசர் கொற்றவேலரைக் கேட்டால் சொல்வார். இரண்டுக்கும் நடுவே வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

தலைநகருக்கு மேற்கே அரசர் ஒரு பெரிய ஏரி வெட்டிக்கொண்டிருந்தார். ஆண்கள் மண்ணை வெட்ட, பெண்கள் கூடையில் சுமந்து கரைமேல் கொட்டினார்கள். எல்லோருக்கும் நாளொன்றுக்கு இருபது நாழிகை வேலை. விடிந்ததும் தொடங்கினால் வெயில் சாயத் தொடங்கும்போது முடிந்துவிடும்.

அரசவையில் விடங்கன் என்று ஒரு விகடகவி இருந்தான். ஒருநாள் பிற்பகல் ஏரிப் பக்கம் போனான். ஆண்கள் கைகால் கழுவி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பெண்களோ கூடை கூடையாகச் சுமந்துகொண்டேயிருந்தார்கள். புங்கமரத்தில் கட்டிய தூளியில் ஒரு குழந்தை வீறிட்டது. அதன் தாய் காத்தாயி கூடையும் தலையுமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கரை ஏறினாள்.

"ஏம்மா, குழந்தை அழுகிறதே. வேலை முடியவில்லையா?"

"எங்களுக்கு இப்பத்தான் பதினாலாவது நாழிகை நடக்குது சாமி."

"உன் புருஷனுக்கு?"

"அவருக்கு இருபதும் முடிஞ்சிருச்சு. அதோ போறாரே."

"இரண்டு பேரும் ஒன்றாகத்தானே வந்தீர்கள்?"

"ஒரே வாசப்படியிலேருந்துதான் வந்தோம். எங்களுக்கும் அவங்களுக்கும் ஒரே சூரியன்தானே? எப்படின்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

விடங்கன் மேற்பார்வை அதிகாரி அம்பலக்கூத்தரிடம் போனான். அவர் முன்னால் தண்ணீர்த் தொட்டி. அதில் இரண்டு செப்பு வட்டில்கள் மிதந்தன. அடியில் துளை உள்ள வட்டில் நீர் நிரம்பி மூழ்கினால் ஒரு நாழிகை. ஒன்றில் துளை ஊசி பருமன். மற்றதில் அதைவிட ஒரு மயிரிழை சிறியது.

"பெரிய துளை ஆண் வட்டில், சின்னது பெண் வட்டில்," என்றார் அம்பலக்கூத்தர் பெருமையாக. "பெண்கள் பேசிப் பேசியே பொழுதை ஓட்டுவார்கள். அதற்கு ஈடாக நாழிகையை நீட்டிவிட்டேன். ஆணை ஓலையில் அரசர் முத்திரையே வாங்கியிருக்கிறேன்!"

அந்தக் கரையில் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான்.  விடங்கன் நேரே அரசரிடம் போய் முறையிட்டான்.

"அம்பலக்கூத்தர் அனுபவசாலி," என்றார் அரசர் கொட்டாவியோடு. "ஒரு நாழிகை முன்னே பின்னே ஆனால் யாருக்கு என்ன கேடு?"

"சரிதான் மகாராஜா," என்று விடங்கன் வணங்கி வெளியே வந்தான். ஏரிக்கரையில் பழுதானால் மாற்றுவதற்கென்று இருந்த இன்னொரு பெண் வட்டிலையும் ஆணை ஓலையின் நகலையும் வாங்கிக்கொண்டு அரண்மனைச் சமையலறைக்குப் போனான்.

தலைமைச் சமையற்காரி நாச்சியாரம்மாள் விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே போட்டாள். "ஐயோ, மகாராஜா பசி தாங்கமாட்டாரே! என் தலை போயிடும்."

"போனால் என் தலை போகட்டும். அந்தக் குழந்தை அழுததை நீங்கள் கேட்டிருந்தால் யோசிக்கமாட்டீர்கள்."

நாச்சியாரம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு வட்டிலை வாங்கித் தண்ணீரில் மிதக்கவிட்டாள்.

மறுநாள் உச்சிவேளை. பதினைந்தாம் நாழிகையில் அரசருக்குச் சாப்பாடு. விருந்தாளியாக அம்பலக்கூத்தரும் வந்து உட்கார்ந்தார். இலை வந்தது, தண்ணீர் வந்தது. சோறு மட்டும் வரவில்லை.

"எங்கே சாப்பாடு?"

"இப்போதுதான் பத்தாவது நாழிகை மகாராஜா," என்றாள் நாச்சியாரம்மாள்.

"பத்தா? சூரியன் தலைக்குமேல் நிற்கிறதே!"

"வட்டில் அப்படித்தான் சொல்கிறது மகாராஜா."

சமையலறையிலிருந்து நெய் உருகும் வாசனை வந்தது. வறுவல் மணந்தது. அரசர் தண்ணீரைக் குடித்தார். மறுபடியும் குடித்தார். அம்பலக்கூத்தர் தொன்னையை உற்றுப் பார்த்தார், தின்றுவிடுவார் போலிருந்தது.

"விடங்கா! இது யார் வேலை?"

"தங்கள் ஆணையின் வேலை மகாராஜா," என்று விடங்கன் ஓலையைப் பிரித்தான். "'நம் நாட்டில் பெண்கள் செய்யும் வேலை எதுவாயினும் பெண் வட்டிலாலேயே அளக்கப்படும்.' கீழே தங்கள் முத்திரை."

"அது ஏரி வேலைக்கு!"

"ஏரி என்ற சொல்லே இதில் இல்லையே! சமையலறையில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் பெண்கள்."

பசியில் அம்பலக்கூத்தருக்குத் தான் யார் என்பதே மறந்துபோயிற்று. "என்ன கூத்து இது?" என்று இலையை அறைந்து கத்தினார். "இருப்பது ஒரே சூரியன்! அதில் ஆளுக்கொரு நாழிகை எங்கிருந்து வரும்? எந்த மடையன் கண்டுபிடித்தான் இதை?"

பரிமாற வந்தவர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். அரசர் மெல்ல அவர் பக்கம் திரும்பினார்.

"அதைத்தான் காத்தாயியும் கேட்டாள் மகாராஜா," என்றான் விடங்கன்.

அரசர் முகம் சிவந்தது. கோபத்தால் அல்ல, வெட்கத்தால். "படிக்காமல் முத்திரை வைத்தேன். தப்பு என்னுடையது," என்றார். பிறகு எழுந்து நின்று ஆணையிட்டார். இனி எல்லோருக்கும் ஒரே வட்டில். இதுவரை அதிகமாக உழைத்த நாழிகைகளுக்கு ஈடாகப் பெண்களுக்கு விடுமுறை. அத்தனை நாளும் அவர்கள் கூடையை அம்பலக்கூத்தர் சுமக்க வேண்டும். வட்டில் பார்க்கும் பொறுப்பு, தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி, காத்தாயிக்கு.

சோறு வந்தது. அரசர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

"விடங்கா, என்ன பரிசு வேண்டும்? கேள்!"

"இப்போதே வீட்டுக்குப் போக அனுமதி வேண்டும் மகாராஜா. என் மனைவியின் வேலையை அளக்க எந்த வட்டிலும் இல்லை. அது முடிந்து நான் பார்த்ததேயில்லை. இன்று இரவுச் சமையல் என்னுடையது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"இரவுச் சாப்பாட்டுக்கு இப்போதே எதற்கு? உனக்குச் சமைக்கத் தெரியுமா?"

"தெரியாது மகாராஜா. நான் சீக்கிரம் கருக்கிவிட்டால்தான் பக்கத்து வீட்டில் சோறு தீர்வதற்குள் போய்க் கேட்க முடியும்!"

அரசர் சிரித்த சிரிப்பில் புரையேறி, நாச்சியாரம்மாள் தண்ணீரோடு ஓடிவர வேண்டியதாயிற்று.