தவளை ஆய்வகத்துக்கு வழி

மழைக்காலத்தில் எங்கள் கல்லூரி மாடியிலிருந்து தவளைகள் கத்தும். அந்தக் கரகரச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அங்கிருந்த ஆய்வகத்தில் தவளைத் தோலில் மருந்து தேடும் ஆராய்ச்சி நடந்தது. பேராசிரியர் திருவேங்கடநாதன் நேரில் நின்று நடத்துவார் என்று நம்பித்தான் அரசு பணம் கொடுத்தது. அவரோ ஊர் ஊராகப் போய் மாலை வாங்கிக்கொண்டிருந்தார். தவளைகளோடு நின்றவள் ஆய்வு மாணவி எஸ்தர்.

ஒருநாள் அரசுக் குழு பார்வையிட வந்தது. பேராசிரியர் எஸ்தரைத் தனியே அழைத்தார்.

"நான் தினமும் ஆய்வகத்துலதான் கெடக்கேன்னு அவங்க நம்பணும். நம்பலேன்னா உன் ஆய்வேட்டுல என் கையெழுத்து விழாது, பாத்துக்கோ."

"சொல்லிடறேன் சார்."

குழுத் தலைவி அவளிடமே கேட்டார். "சார் தினமும் வருவாராம்மா?"

"தினமும் வருவாங்க மேடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தெரியும். அவங்களே உங்களைக் கூட்டிட்டுப் போவாங்க."

பேராசிரியர் உச்சி குளிர்ந்துபோனார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார், மாடியேறினார், கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த மாணவிகள் அலறினார்கள்.

"பொம்பளைங்க ரூம் சார் இது! வெளிய போங்க!"

தலைவி எஸ்தரைப் பார்த்தார். "ஆய்வகம் எங்கேம்மா?"

"சத்தம் தாங்கலேன்னு பிரின்சிபால் அதை விடுதிக்குப் பின்னால மாத்தி ஒரு வருஷமாச்சு மேடம். சார் வந்தா சொல்லலாம்னுதான் தினமும் காத்திருந்தேன்."

குழு அவரை ஆய்விலிருந்து நீக்கி வேறொரு பேராசிரியரை நியமித்தது. புதியவரின் கையெழுத்தோடு எஸ்தர் முனைவரானாள். திருவேங்கடநாதன் மறு வருஷம் துணைவேந்தரானார்.