சென்னியப்பன் பண்ணையில் மேய்ச்சல் நேரம்

முட்டைப் பண்ணை முதலாளி சென்னியப்பனுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. முட்டைப் பெட்டியில் புல்தரையில் திரியும் கோழிப் படம் போட்டு விற்கிறாரே, அது நிஜமா என்று பார்க்க அதிகாரி வந்துகொண்டிருந்தார்.

"கேட்டா, பகலெல்லாம் வெளியே மேயுதுன்னு சொல்லோணும். மாத்திச் சொன்னா நாளைக்கு வேலை கிடையாது" என்று தீனி போடும் பாவாயியை மிரட்டினார்.

அதிகாரி வந்தார், கேட்டார்.

"பகலெல்லாம் மேயுதுங்க சார். இப்பக்கூட மேயற நேரந்தானுங்க" என்ற பாவாயி, கம்பிக்கூண்டுகளை மளமளவென்று திறந்துவிட்டாள்.

ஒரு கோழிகூட இறங்கவில்லை. அதிகாரி ஒன்றைத் தூக்கப் பார்த்தார். நீண்டு வளர்ந்த நகம் கம்பியைச் சுற்றிக்கொண்டு வர மறுத்தது.

"என்ன காரியம் பண்ணிப்போட்டே?" என்று முதலாளி பாய்ந்தார்.

"நீங்க சொன்னதைத்தானுங்க சொன்னேன். கோழிககிட்டச் சொல்லாம விட்டுப்போட்டீங்களே, முதலாளி!"