ஏழாவது நண்டு

"ஜெயிக்கிறேன். ஆனா ஒண்ணுமே இல்ல," என்றான் செழியன்.

"எங்க ஒண்ணுமே இல்ல?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

அவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

அவள் தலையாட்டிவிட்டு, கடைக்கு வந்தவருக்கு நைலான் வலையை அளந்து வெட்டிக் கொடுக்கப் போனாள்.

செழியன் காத்திருந்தான்.

மதுரையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் அவன். முப்பத்தெட்டு வயது. 'ஐந்நிலம்' என்ற சீட்டாட்டத்தில் மூன்று முறை மாநிலக் கோப்பை வாங்கியவன். பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிச் சேர்த்த சீட்டுகளிலிருந்து ஆளாளுக்கு ஒரு கட்டு அமைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம் அது. சீட்டுக்குச் சீட்டு ஒரு விலங்கு, ஒரு பறவை, ஒரு மீன்; இடையிடையே சில தந்திரச் சீட்டுகள். ஆடுகிறவர் ஒவ்வொருவருக்கும் இருபது உயிர். முறை வந்ததும் கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவிக்கொள்ளலாம்; பிறகு ஒரு வேலைதான்: மேசையில் நிற்கும் சீட்டை ஏவி அடிக்கலாம், இல்லையென்றால் கையிலிருந்து ஒரு சீட்டை இறக்கலாம். எதிராளியின் உயிர் தீர்ந்தால் வெற்றி.

ஜெயித்தால் கோப்பையைக் காரின் பின்சீட்டில் போட்டுவிட்டு மறந்துபோவான். தோற்றால் இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டான்.

போன மாதம் திருச்சியில், இறுதி ஆட்டத்தின் நடுவில், கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். ஜெயிக்கிற நிலையில்தான் இருந்தான்.

போட்டியை நடத்தியவர் பின்னாலேயே ஓடி வந்தார். கோபப்படவில்லை.

"தூத்துக்குடியில ஜெசிந்தான்னு ஒருத்தங்க வலைக்கடை வச்சிருக்காங்க. ஒருக்கா போய்ப் பாருங்க."

"பெரிய ஆட்டக்காரங்களா?"

"தெரியாது. போட்டிக்கே வரமாட்டாங்க. ஆனா அவங்ககிட்ட தோத்தவங்க மறுபடி மறுபடி அங்கதான் போறாங்க."

அப்படித்தான் அவன் இந்த வலைக்கடைக்கு வந்து சேர்ந்தான். ஜெசிந்தா அவனைவிட நாலைந்து வயது இளையவள். கடை மாடியில் சில மேசைகள் போட்டிருந்தாள். சனிக்கிழமைகளில் அங்கே ஆட்டம் நடக்கும். வருகிறவர்கள் அவளை 'ஆசான்' என்றார்கள். கேலியாக ஆரம்பித்து ஒட்டிக்கொண்ட பெயர்.

வலை வாங்கியவர் போனதும் அவள் திரும்பி வந்தாள்.

"ஒரு ஆட்டம் போடுவோமா சார்?"

ஆடினார்கள். அவன் வேகமாக ஜெயித்தான்.

"நல்லா ஆடுறீங்க," என்றாள். உண்மையாகவே சொன்னாள். பிறகு மேசையில் கிடந்த அவனுடைய செந்நாய்ச் சீட்டைக் கையால் மூடிக்கொண்டாள். "இந்தச் செந்நாய்க்குப் பின்னாடி ஒரு ஆள் நிக்கிறாங்க. என்ன வச்சிருக்காங்க கையில?"

"ஆளா? இதுல ஆள் யாரும் இல்ல."

கையை எடுத்தாள்.

செந்நாயின் முதுகுக்குப் பின்னால் வெடித்த நிலம். நிலத்தின் கோடியில், நகக்கண் அளவுக்கு, ஒரு பெண். இடுப்பில் குழந்தை. இன்னொரு கையில் ஒரு பனையோலை விசிறி.

இந்தச் சீட்டை அவன் ஆறு வருடமாக வைத்திருந்தான். அதன் பலம் ஐந்து, காவல் இரண்டு. அது அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"யார் இவங்க?" என்று கேட்டான்.

"யாருக்குத் தெரியும்," என்றாள் ஜெசிந்தா.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள். "யாரோட ஆடுறது உங்களுக்குப் பிடிச்சிருந்தது?"

செழியன் யோசிக்கவே இல்லை. "என் மனைவியோட."

கல்யாணமான புதிதில் தமயந்தியும் அவனும் கடை மூடியதும் தினமும் ஆடுவார்கள். அவளுடைய சீட்டுக்கட்டில் பாதிக்கு மேல் மயில்கள்தான். ஒவ்வொரு மயிலும் ஒவ்வொரு மழையில் நிற்கிறது என்பாள். அந்தக் கட்டு எப்போதுமே தோற்கும். தோற்றாலும் சிரிப்பாள்.

"அப்புறம்?"

"பாவமா இருந்துச்சு. ஒரு நாள் உட்கார்ந்து, மயிலையெல்லாம் எடுத்துட்டு, நல்ல கட்டா மாத்திக் குடுத்தேன். எப்ப எதை இறக்கணும்னும் சொல்லிக் குடுத்தேன். அடுத்து ஆடினதெல்லாம் அவதான் ஜெயிச்சா."

"அப்புறம்?"

"'இது உங்க கட்டு, நீங்களே ஆடுங்க'ன்னு என் கையில குடுத்துட்டா. அதோட சரி. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

ஜெசிந்தா அவனுடைய கட்டை எடுத்தாள். மூன்று கோப்பை வாங்கித் தந்த கட்டு. அதைத் தூண்டில் முள் வைக்கும் இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

"அது என்னோடது," என்றான் செழியன்.

"அதான் பூட்டி வச்சிருக்கேன். பத்திரமா இருக்கும்."

மாடிப்படி ஓரம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. யாருக்கும் வேண்டாத சீட்டுகள் போட்டு வைக்கும் டப்பா. அதை அவன் முன் நகர்த்தினாள்.

"இதுலேர்ந்து ஒரு கட்டு போடுங்க. பிடிச்சதை மட்டும் எடுங்க."

"எதை வச்சுப் பிடிக்கணும்?"

அவள் அதற்குள் மாடியேறிவிட்டாள்.

டப்பாவைக் கிளறியபடி அவன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கடைசியில் ஆந்தைகள், ஓர் ஓணான், கோபமாக முறைக்கும் ஒரு வாத்து என்று எதையோ சேர்த்து ஒரு கட்டு போட்டான். மாடிக்குப் போனான்.

ஜெசிந்தா அவனைக் கஸ்பார் என்பவருக்கு எதிரே உட்கார வைத்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஐம்பது தாண்டியவர். அவர் சீட்டுக்கட்டில் முக்கால்வாசி நண்டு.

"நண்டு ரொம்பப் பலவீனமான சீட்டாச்சே," என்றான் செழியன்.

"ஆமா தம்பி. ஆனா எங்கிட்ட இது இருக்கு." கஸ்பார் ஒரு சீட்டைக் காட்டினார். 'ஓதம்'. உன் பக்கம் ஏழாவது நண்டு வந்து நின்றதும் இதையும் சேர்த்து இறக்கலாம்; கடல் ஏறி வந்து மேசையிலுள்ள எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். இரண்டு பேர் சீட்டும் கட்டுக்குத் திரும்பும். இரண்டு பேருக்கும் மறுபடி இருபது உயிர்.

செழியன் இரண்டு தரம் படித்தான்.

"அது நடந்தாலும் நீங்க ஜெயிக்கமாட்டீங்களே."

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு?"

"ஒரு தடவைகூட நடந்ததில்ல. பாக்கணும்."

ஆடினார்கள். நண்டுகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. மூன்று, நான்கு, ஐந்து. செழியனின் ஆந்தைகள் அவற்றைக் கொத்தும், மறுபடி வரும். ஒரு கட்டத்தில் ஆறு நண்டுகள் மேசையில் நின்றன. கஸ்பார் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

செழியனிடம் அவரை முடிக்கும் அடி தயாராக இருந்தது. அவன் அடிக்கவில்லை. பிரயோசனமில்லாத ஓணானை இறக்கி வைத்தான்.

கஸ்பார் அவனையே பார்த்தார். பிறகு கையிலிருந்த சீட்டுகளை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"அந்த வாத்து என்னைய முடிச்சிருக்கும், தம்பி."

"கவனிக்கல."

"கவனிச்சீங்க." அவர் நண்டுகளை ஒன்றுசேர்த்து எடுத்தார். "நீங்க விட்டுக் குடுத்து வந்தா அது ஓதம் இல்ல. குழாய்த் தண்ணி."

அவர் எழுந்து வேறு மேசைக்குப் போனார்.

செழியனுக்கு முகம் சுட்டது. கீழே இறங்கி வந்தான்.

"ஜெயிச்சாலும் தப்பு. விட்டுக்கொடுத்தாலும் தப்பு. நான் என்னதான் செய்ய?"

அதற்குள் கடைக்குத் திரும்பியிருந்த ஜெசிந்தா ஒரு வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரை அடிக்கணும். அவருக்கு ஏழாவது நண்டு வரணும்னு ஆசையும் இருக்கணும்."

"ரெண்டும் எப்படி ஒண்ணா முடியும்?"

"எனக்கு முடியுது," என்றாள்.

அடுத்த சனிக்கிழமையும் அவன் போனான். முதலில் கஸ்பாரிடம் போய் மன்னிப்புக் கேட்டான். அவர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, "உக்காருங்க," என்றார்.

அன்று செழியன் ஆந்தைகளை மூர்க்கமாக ஏவினான். இரக்கமே காட்டவில்லை. கஸ்பார் ஒன்றிரண்டு நண்டுகளோடு தோற்றார். மறுபடி ஆடினார்கள். மறுபடி தோற்றார். பிறகு ஓர் ஆட்டத்தில் ஐந்து நண்டுகள் நின்றன. அவர் அடுத்த சீட்டை உருவினார். நண்டு. ஆறு.

செழியன் அடித்தான். முழு பலத்தோடு அடித்தான். கஸ்பாருக்கு ஓர் உயிர் மிஞ்சியது.

அவர் கட்டின் மேல் கை வைத்தபோது, தன் மூச்சு நின்றிருப்பதைச் செழியன் கவனித்தான்.

வந்தது ஒரு சங்கு.

"ச்சே," என்றான் செழியன்.

கஸ்பார் அவனை நிமிர்ந்து பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அடுத்த அடியில் ஆட்டம் முடிந்தது. வாத்துதான் முடித்தது.

மறுநாள் காலை, தோசை சாப்பிடும்போது, செழியன் தமயந்தியிடம் அந்தச் சங்கைப் பற்றிச் சொன்னான். சும்மா ஆரம்பித்ததுதான். நண்டைச் சொல்லப்போய், கிரேனைச் சொன்னான். வாத்தின் முறைப்பை நடித்துக் காட்டினான். தோசை ஆறிப்போனது.

தமயந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஏழும் வந்தா என்ன ஆகும்?"

"எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல. யாருமே பாத்ததில்ல."

அவள் ஆறிய தோசையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?"

அந்த வாரம் முழுக்க, அலமாரியின் மேல்தட்டிலிருந்து அவள் எதையோ எடுப்பதும் அடுக்குவதுமாக இருந்தாள். என்ன சேர்க்கிறாள் என்று பார்க்க அவனுக்குக் கை துறுதுறுத்தது. அந்த அறைக்குள் போகாமல் இருந்தான். அது சுலபமாக இல்லை.

சனிக்கிழமை மாடியில் தமயந்தி கஸ்பாருக்கு எதிரே உட்கார்ந்தாள். செழியன் அவள் பின்னால் நின்றான். நீளமான ஆட்டம். அவள் சீட்டுக்கட்டில் இது அது என்று ஒரு கணக்கே இல்லை. ஒரு கடற்கழுகு, ஒரு வெள்ளை நண்டு, இரண்டு மயில், எதற்கென்றே தெரியாத ஒரு கழுதை. செழியன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான்.

கஸ்பாரிடம் மூன்று உயிர் மிச்சம். அவர் பக்கம் ஆறு நண்டுகள். அவற்றுக்கு முன்னால் காவலாக ஒரு கிழட்டு ஆமை.

தமயந்தியின் முறை.

செழியனுக்குப் பளிச்சென்று தெரிந்தது. கடற்கழுகு ஆமைக்கு மேலே பறந்து அடிக்கும். அதன் பலம் மூன்று. ஒரே அடி, ஆட்டம் முடிந்தது. அவள் கையோ வேறு சீட்டின் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அவன் குனிந்தான். வாயைத் திறந்தான்.

வாய்க்குள் ஏதோ நுழைந்தது.

பக்கத்தில் ஜெசிந்தா தட்டோடு நின்றிருந்தாள். எல்லோருக்கும் கொண்டுவந்த முந்திரி மக்ரூன் இனிப்புகள். அவற்றில் பெரியது ஒன்று முழுதாக அவன் வாய்க்குள் இருந்தது. அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுகு இருக்குன்னு எனக்குத் தெரியும்," என்றாள் தமயந்தி, திரும்பாமலே. "ஆனா அந்த ஆமையை நான் ரொம்ப நேரமா பாத்துக்கிட்டிருக்கேன்."

அவள் 'பண்டமாற்று' சீட்டை இறக்கினாள். தன்னிடம் உள்ள ஒன்றைக் கொடுத்து எதிராளியிடம் உள்ள ஒன்றை வாங்கிக்கொள்ளும் சீட்டு. செழியன் அதை ஒரு காலத்திலும் கட்டில் சேர்த்ததில்லை.

"ஆமையைக் குடுங்கண்ணே. இந்தாங்க, இதை வச்சுக்கோங்க."

வெள்ளை நண்டைக் கஸ்பார் பக்கம் தள்ளினாள்.

கஸ்பார் அதைத் தொடவில்லை.

"விட்டுக் குடுக்கீங்களாம்மா?"

"எதை? இருக்கிறதுலயே மட்டமானதைக் குடுத்துட்டு உங்க காவலை வாங்குறேன். குடுங்க ஆமையை."

கஸ்பார் ஜெசிந்தாவை ஏறிட்டுப் பார்த்தார். ஜெசிந்தாவின் கண் மேசையை விட்டு அகலவில்லை. அவர் ஆமையைக் கொடுத்தார். வெள்ளை நண்டை எடுத்து மற்ற நண்டுகளின் பக்கத்தில், வரிசை பிசகாமல் வைத்தார்.

பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். தமயந்தி அப்போதுதான் எண்ணினாள். அவள் கை வாய்க்குப் போனது.

கஸ்பார் கையிலிருந்து ஒரு சீட்டை உருவினார். அதைக் கீழே வைக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

ஓதம்.

கஸ்பாரே இரண்டு கைகளாலும் மேசையைத் துடைப்பதுபோல் எல்லாவற்றையும் வாரினார். நண்டுகள் போயின. கழுகு போனது, கழுதை போனது, கிடைத்த ஆமையும் போனது. அவரவர் சீட்டு அவரவர் கட்டுக்குத் திரும்பியது. வெறும் பலகை மிஞ்சியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை அவருக்கு.

தமயந்திதான் முதலில் கேட்டாள்.

"ஆசான், இப்ப யார் ஜெயிக்கப் போறாங்க?"

"மூணு கோப்பை வாங்கினவர் இங்க நிக்கிறார். அவரைக் கேளுங்க," என்றாள் ஜெசிந்தா.

எல்லோரும் செழியன் பக்கம் திரும்பினார்கள். அவன் மக்ரூனை மென்று விழுங்கினான்.

"தெரியல," என்றான். சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.