கண்ணைக் கட்டித் தொட்ட மரம்

கூவல் மலையில் முனிநாவல் என்றொரு மரம். வேறெந்த மலையிலும் அது கிடையாது. அங்கேயும் நின்றவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாம் கிழடு தட்டி உள்ளே பொந்து விழுந்தவை. காய்ப்பதும் எப்போதாவது ஒரு வருஷம்தான்.

அந்த மலையில்தான் தையல்நாயகி அம்மையின் ஆசிரமம். அம்மைக்கு நாற்பது வயது. சீடர் அம்பலவாணருக்கு அறுபது தாண்டிவிட்டது. மரக்கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்தவர். ஆயுசெல்லாம் மரத்தை அறுத்துத் தள்ளினேன், இந்த ஒன்றையாவது பிழைக்க வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் முனிநாவல் காய்த்தது. விதை பொறுக்கி நாற்றங்கால் போட்டார். முளைத்தும் வந்தது, ஆனால் ஒன்றைப்போல ஒன்று இல்லை. ஒன்றுக்கு இலை அகலம், ஒன்றுக்குக் குறுகல், இன்னொன்றுக்குத் தளிர் செக்கச்செவேல்.

மரக்கடைப் புத்தி எங்கே போகும்? தேக்கோடு வேறு மரத்தைக் கலந்து விற்றால் பெயர் கெட்டுவிடும் என்றே வாழ்ந்த மனிதர். முனிநாவலின் இலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதோடு ஒத்துப்போகாத கன்றையெல்லாம் பிடுங்கி வேலிக்கு அப்பால் ஓடைப்பக்கம் வீசினார்.

ஒருநாள் அம்மை வந்து ஏன் பிடுங்குகிறீர்கள் என்று கேட்டார்.

"கலப்படம் அம்மா."

அம்மை திரும்பிப் போய்விட்டார். சொன்னால் கேட்கிற ஆளா அம்பலவாணர்?

மிச்சமிருந்த கன்றுகள் அச்சில் வார்த்தது போல வளர்ந்தன. பார்க்கிறவர்களுக்குக் கண் நிறைந்தது. ஐப்பசி மழையில் ஒரு கன்றில் மஞ்சள் புள்ளி விழுந்தது. வாரம் முடிவதற்குள் நாற்றங்கால் முழுக்கக் கருகிவிட்டது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

அம்பலவாணர் அம்மையின் முன்னால் வந்து உட்கார்ந்து அழுதார். சுத்தமானதாகப் பார்த்துப் பார்த்துத்தானே வைத்தேன், எனக்கு ஏன் இப்படி என்று கேட்டார்.

அம்மை அவர் தோளில் கிடந்த துண்டை வாங்கி அவர் கண்ணைக் கட்டினார். கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். ஓடைக்கரையில் ஒரு மரத்தில் அவர் கையை வைத்தார். அம்பலவாணர் பட்டையைத் தடவி, இலையைக் கசக்கி மோந்தார்.

"ஓடை நாவல். குழந்தைகூடச் சொல்லும்."

மேலே ஏறினார்கள். உச்சியில் இன்னொரு மரம்.

"மலை நாவல்."

கொஞ்சம் கீழே இறங்கி மூன்றாவது மரம். பட்டையைத் தடவியவர், ஓடை நாவல் இவ்வளவு உயரத்தில் எப்படி வந்தது என்றார். இலையை மோந்தார். மலை நாவல் என்றார். மறுபடி தடவினார், மறுபடி மோந்தார்.

"ரெண்டு மரம் ஒட்டி நிற்கிறதா அம்மா?"

அம்மை கண்கட்டை அவிழ்த்தார். தினமும் விழுந்து கும்பிடுகிற பெரிய முனிநாவல் எதிரே நின்றது.

அம்பலவாணர் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். குரலில் வருத்தம்தான் இருந்தது.

"இதுவே கலப்புதானா? இதற்கா இவ்வளவு பாடுபட்டேன்?"

"ஓடை நாவல் எங்கே கிடைக்கும்?" என்று அம்மை கேட்டார்.

"ஓடை இருக்கிற ஊரிலெல்லாம்."

"மலை நாவல்?"

"எந்த மலைக்குப் போனாலும் நிற்கும்."

"இது?"

அம்பலவாணர் சட்டென்று எழுந்து, வயசை மறந்து, ஓடையை நோக்கி ஓடினார்.

வேலிக்கு அப்பால், அவர் வீசியெறிந்த கன்றுகளில் பாதிக்கு மேல் பட்டுப்போய்க் கிடந்தன. மீதி சேற்றில் வேர் பிடித்து நின்றன. மஞ்சள் புள்ளி அவற்றிலும் விழுந்திருந்தது. ஆனாலும் தளிர் விட்டிருந்தன. அகல இலை, குறுகல் இலை, செவந்த தளிர், எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக மண்ணோடு தோண்டிக் கூடையில் வைத்தார். கண்ணில் நீர் நிற்கவில்லை.

அம்மை நிதானமாக இறங்கி வந்து சேர்ந்தார்.

"அம்மா, தப்புப் பண்ணிவிட்டேன். இனி நீங்களே சொல்லுங்கள். இதில் எது சரியான முனிநாவல்? பெரிய மரத்துக்குப் பக்கத்தில் எதை நடட்டும்?"

அம்மை துண்டை அவரிடம் நீட்டினார்.

"கண்ணைக் கட்டிக்கொண்டு எடுங்கள்."