பாதி வழியில் நின்ற கதை

காட்டுக் குளம் வற்றிவிட்டது. தண்ணீர் தேடிப் போன முயலும் முள்ளம்பன்றியும் தவளையும் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தன. "மலைக்கு அப்பால் சுனை இருக்கிறது!" என்றன.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். பயணம் போய் வந்த கதையை மைனாதான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். பிறகு அந்த இடத்துக்குக் கதையின் நாயகன் முன்னே நடக்க, மற்றவர்கள் பின்னால் போக வேண்டும்.

மைனா விசாரித்தது.

"முதலில் போகவே பயந்தேன். பிறகு துணிந்தேன். செத்துப் பிழைத்தேன். சுனையைக் கண்டேன்!" என்றது முயல்.

முள்ளம்பன்றியும் அதையேதான் சொன்னது. தவளையும் அதையே சொன்னது!

மைனாவுக்குத் தலை சுற்றியது. பயந்தவர் மூவர், செத்துப் பிழைத்தவர் மூவர், சுனை மட்டும் ஒன்று! இதை எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது? மூன்று கதை சொன்னால் கூட்டம் மூன்று பக்கம் ஓடுமே! பாவம், யோசித்து யோசித்து அலுத்துப்போய், நன்றாக ஓடும் முயலையே நாயகனாக்கிவிட்டது. மற்ற இருவர் பேரும் கதையில் இல்லை.

காடே முயலின் பின்னால் கிளம்பியது. முள்ளம்பன்றியும் தவளையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசியில் வந்தன.

புல்வெளி முடிந்து முட்புதர் தொடங்கும் இடத்தில் முயல் சட்டென்று நின்றது.

"ஏன் நின்றுவிட்டாய்?" என்றது மைனா.

"இங்கே நான் கண்ணை மூடிக்கொண்டேன், மைனாக்கா! முள்ளம்பன்றிதான் கூட்டிப் போனது. அப்புறம் பாறைகள். அங்கே தவளைதான் ஈர வாசனை பிடித்து வழி சொன்னது."

"இதை முன்பே சொல்லக் கூடாதா?"

"நீங்கள் என் கதையைத்தானே கேட்டீர்கள்!"

அதற்குள் ஒரு மான்குட்டி தாகத்தில் கால் மடங்கி விழுந்தது. தாய் மான் அலறியது. மைனா வெட்கத்தோடும் பயத்தோடும் கடைசி வரிசைக்குப் பறந்தது.

"கதையில் உங்களை விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான். மன்னித்துவிடுங்கள்!"

"போய் உங்கள் நாயகனையே கேளுங்கள்!" என்று முறைத்தது முள்ளம்பன்றி. ஆனால் விழுந்து கிடந்த குட்டியைப் பார்த்ததும் அதன் கோபம் போய்விட்டது. முட்புதருக்குள் புகுந்து வழி காட்டியது. பாறைகள் வந்ததும் தவளை தாய் மானின் தலையில் ஏறிக்கொண்டது. "இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!" என்று கத்தியது. தாய் மான் குட்டியை முட்டி முட்டி நடத்தியது.

சுனையில் முதல் வாய் தண்ணீர் குட்டிக்குத்தான்.

"சரி, நாயகன் யார்?" என்று கேட்டது குரங்கு.

"புல்வெளி வரை முயல், புதரில் முள்ளம்பன்றி, பாறையில் தவளை... அட, எனக்கு இன்னும் குழப்பம்தான்! ஆனால் இனி ஒருவர் பேரையும் விடமாட்டேன்" என்றது மைனா.

பலர் சேர்ந்து நடந்த பயணத்துக்கு ஒருவரை மட்டும் நாயகனாக்கினால், அந்தக் கதை யாரையும் கரை சேர்க்காது.