நாரைக்குளம் எங்கே?

வெளியூரிலிருந்து சதானந்தம் சார் புவியியல் செய்முறைத் தேர்வு நடத்த வருகிறார் என்றாலே பிள்ளைகள் நோட்டை இரண்டு தடவை சரிபார்ப்பார்கள். அன்று அவர் கையில் சிக்கியது முத்துப்பேச்சியின் கள ஆய்வு நோட்டு. ஊரைக் காலடியால் அளந்து அவளே வரைந்த படம் அதில் இருந்தது.

"இதுல நாரைக்குளம் எங்கம்மா?"

"அப்படி ஒரு குளமே இல்லை சார்."

"இல்லையா? அரசாங்கப் படத்துல இருக்கே!" பழைய வரைபடத்தை மேசையில் விரித்தார். "நீ வீட்டுலயே உட்கார்ந்து வரைஞ்சிருக்கே. குளத்தைக் காட்டு. இல்லாட்டி பூஜ்யம்தான்."

செய்முறையில் தவறினால் கல்லூரிக்குப் போக முடியாது. முத்துப்பேச்சிக்கு நாக்கு வறண்டது.

"காட்டுறேன் சார். உங்க படத்தைப் பார்த்து நீங்களே வழி சொல்லுங்க. நான் அளக்குறேன்."

இரண்டு படத்திலும் இருந்த அம்மன் கோயிலிலிருந்து தொடங்கினார்கள். "நேர் மேற்கே நானூறு மீட்டர்" என்றார் சார். அவள் அடி எண்ணிக்கொண்டே நடந்தாள். அவர் திசைகாட்டியும் கையுமாகப் பின்னால் வந்தார். பள்ளிக்கூட வாசல் வந்தது, தேர்வறை வந்தது, கடைசியில் அவருடைய நாற்காலியே வந்தது.

"இதுதான் சார் நடுக்குளம். பேண்ட்டைக் கொஞ்சம் தூக்கிக்கோங்க, நனைஞ்சிரும்."

அறையே சிரித்தது. சார் தன் காய்ந்த ஷூவைப் பார்த்தார்.

"அப்போ குளம் என்னாச்சு?"

"மண்ணடிச்சு மூடிப் பள்ளிக்கூடம் கட்டிட்டாங்க சார். மழைத்தண்ணி மட்டும் இன்னும் உங்க படத்தைத்தான் நம்புது. ஐப்பசி பிறந்தா நேரா வகுப்புக்குள்ள வந்துரும்."

சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரக்கறை இருந்தது. சார் அதைப் பார்த்தார், நோட்டில் முழு மதிப்பெண் போட்டார்.

நடுக்குளத்தில் நின்றும் நாக்கு வறண்டிருந்த முத்துப்பேச்சி, அப்புறம்தான் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள்.