இடது முன்சக்கரம்

“பிரேக் நல்லாத்தான் பிடிக்குதும்மா. ஆனா இடது முன்சக்கரம் கொதிக்குது. கிட்டப் போனா கருகுற வாடை. வண்டியும் இடது பக்கமாவே இழுக்குது.”

குழந்தைவேலு குடிலுக்குள் வந்து உட்காரும் முன்பே இதைச் சொல்லி முடித்துவிட்டார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவர் குருவை அம்மா என்பார், குரு அவரை ஐயா என்பார். மலையடிவாரத்துக் குடிலில் யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை.

“ஞானம் கேட்டு வந்தீங்கன்னு நினைச்சேன்,” என்றார் குரு. “சக்கரத்தைக் கொண்டு வந்திருக்கீங்க. எனக்குக் கார்ல ஏறத் தெரியும், இறங்கத் தெரியும். மெக்கானிக்கிட்ட விட்டிருக்கலாமே?”

“யாரை நம்பி விடுறது? என் மக ஓட்டப் போற வண்டி. நானே வீட்டு வாசல்ல வச்சு பிரேக் பேடெல்லாம் மாத்தினேன்.”

மகள் நிறைமதிக்கு மலைமேல் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை முதல் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் அவள் தனியாக ஏறி இறங்க வேண்டும்.

போன வருஷம் கோயம்புத்தூரில் கிடைத்த வேலையை, தூரம் தூரம் என்றே கெடுத்தவர் இந்த மனிதர். இந்தத் தடவை அவள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை.

“இதையும் தடுத்தீங்கன்னா இந்த வீட்லயேதான் இருப்பேன். ஆனா உங்ககிட்டப் பேச மாட்டேன்ப்பா,” என்றாள்.

மனிதர் ஆடிப்போய்விட்டார். காரைக் கொடுக்கிறேன், பிரேக் சரியாகட்டும் என்றார். பிரேக் சரியாகவில்லை.

குரு கேட்டார். “பிடிக்குதா?”

“பிடிக்குதும்மா.”

“விடுதா?”

 

குரு எழுந்து வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

பிடித்தவர் விடவில்லை.

அவரையும் இழுத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். மற்றொரு கையால் வாசல் பெருக்கினார். குழந்தைவேலுவும் கூடவே குனிந்தார், கூடவே நிமிர்ந்தார். குடிலுக்கு வந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“அம்மா, கையை விடுங்களேன்.”

“விழுந்துட்டீங்கன்னா?”

“நான் எதுக்கும்மா விழப்போறேன்?”

“ஒரு ஜாக்கிரதைக்குத்தான்.”

வியர்த்து ஊற்றியது. மணிக்கட்டு எரிந்தது.

“அம்மா, சூடாகுது!”

குரு நின்றார். விரல்களை மெல்லத் தளர்த்தினார். ஆனால் கையை எடுக்கவில்லை. விரல்கள் வளையல் மாதிரி மணிக்கட்டைச் சுற்றி அப்படியே இருந்தன, தோலில் மட்டும் படவில்லை. இடையில் காற்று புகுந்து ஜில்லென்றது.

“விட்டுட்டேனா?”

குழந்தைவேலு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.  

“இல்லம்மா. இங்கேதான் இருக்கு.”

“வீட்டுக்குப் போங்க,” என்றார் குரு.

போனார். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். பேடை வெளியே இழுத்தார். அது அசைந்து கொடுக்கவில்லை, நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் சுத்தியல் ஞாபகத்துக்கு வந்தது. மாட்டும்போதே இந்தப் பேடு உள்ளே போகாமல் முரண்டு பிடித்தது. இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே, மகள் ஓட்டும் வண்டியாயிற்றே என்று தட்டி இறக்கியிருந்தார். இப்போது பார்த்தால், பேடு உட்காரும் இடத்தில் துரு பொருக்குக் கட்டியிருந்தது.

கம்பி பிரஷால் தேய்த்தார். பேடை வைத்து ஒரு விரலால் தள்ளினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இவ்வளவு லேசாகவா என்று அவருக்குப் பயமாகக்கூட இருந்தது.

“மதி, உள்ள உட்கார்ந்து பிரேக்கை மிதிம்மா.”

“அப்பா, அடிவரைக்கும் போகுது!”

“பேடைத் தள்ளுற பிஸ்டனைப் பின்னால தள்ளியிருக்கேன், அப்படித்தான் போகும். கெட்டியாகுற வரைக்கும் மிதிச்சுக்கிட்டே இரு.”

நாலைந்து மிதியில் பெடல் கெட்டியானது.

“இப்ப காலை எடு.” பேடு பிடிக்கும் இரும்புத் தட்டான டிஸ்க்கைக் கையால் சுற்றினார். சுற்றியது.

“மிதி.” நின்றது.

“விடு.” சுற்றியது.

சின்னப் பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். பிறகு குனிந்து உள்ளே உற்றுப் பார்த்தார். பேடு விலகியதாகவே தெரியவில்லை. டிஸ்க்கை ஒட்டினாற்போலவே இருந்தது. ஆனாலும் டிஸ்க் சுற்றியது. பின்னால் இழுக்கும் ஸ்பிரிங்கைத் தேடினார். அப்படி ஒன்று இல்லை.

“ஆயில் தள்ளுது, அதனால பிடிக்குது. திரும்ப இழுக்கிறது எதும்மா?”

நிறைமதி இறங்கி வந்து பக்கத்தில் குந்தினாள்.

“ரப்பர்ப்பா. பிஸ்டனைச் சுத்தி உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கு. மிதிச்சா பிஸ்டன் முன்னால போகும். வளையமும் அதோட கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். காலை எடுத்தா நிமிரும். நிமிரும்போது பிஸ்டனையும் கூட்டிட்டு வந்துரும்.”

“எவ்வளவு தூரம்?”

“ஒரு மயிரிழை.”

“இவ்வளவு பெரிய வண்டிக்கு அது போதுமா?”

“போதும்ப்பா. அதுக்கு மேல விலகிப் போனா, அவசரத்துக்கு உடனே பிடிக்க முடியாதுல்ல.”

குழந்தைவேலு தன் மணிக்கட்டைப் பார்த்தார். காரில் ஏறவும் இறங்கவும் மட்டுமே தெரிந்தவர் பிடித்த மணிக்கட்டு. கும்பிட வேண்டும் போலிருந்தது. கை முழுக்கத் துருவும் கிரீசும். அந்தக் கையோடேயே கும்பிட்டார்.

“யாரைப்பா கும்பிடுறீங்க?”

“இதெல்லாம் உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?”

“நீங்க கேட்டதே இல்லையேப்பா.”

சக்கரத்தை மாட்டினார்கள். மைதானத்தில் அவள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார். மெதுவாகப் போய்ப் போய் நிறுத்திப் பார்த்தார்கள். இறங்கி இரண்டு முன்சக்கரங்களுக்கும் பக்கத்தில் கையைக் காட்டினார். இரண்டிலும் ஒரே வெதுவெதுப்புதான். கருகும் வாடை இல்லை.

திங்கட்கிழமை காலை நிறைமதி காரை ஸ்டார்ட் செய்தாள். குழந்தைவேலு சலவைச் சட்டை போட்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு வந்து கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் முகம் வாடியது.

“ஏறுங்கப்பா.”

அவர் பாட்டிலை ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தார்.

“நான் வரலைம்மா.”

அவள் பாட்டிலை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்தாள்.

“அப்போ கதவுலேருந்து கையை எடுங்க.”

“எடுத்துட்டேனே.”

நிறைமதி திரும்பிப் பார்த்தாள். கதவுக்கும் அவருடைய உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தது.

அவள் கியரைப் போட்டாள்.